ஆர்டர் வந்தது ஆனியில், சம்பளம் வந்தது கார்த்திகையில்

அரசுப் பள்ளி ஆசிரியை வேலைக்கான பணி நியமன ஆணையோடு வீட்டுக்கு வந்த அன்று வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவே வாசலில் நின்றது. ஹார்பரில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய எங்கள் நைனா, அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியதும் முதலில் சொன்னது, "இரு, இத லேமினேஷன் போட்டுக்கினு வந்துடறேன்." செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் என்னோடு தேர்வான ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு இப்படித்தான் பாசத்தோடு பிளாஸ்டிக் போட்டுவிட்டார்கள். சரிபார்ப்பின்போது பின்பக்கத்தில் முத்திரை வைக்க முடியாமல் அவள் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். அசல் எதையும் லேமினேட் செய்யாதீர்கள். ஆணையைப் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள், பத்தும் செலவாகிவிடும்.

அரசு வேலைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைத்த பிறகு முதல் ஐந்து மாதம் எப்படி உயிரோடு இருப்பது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதுவரை பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் மாதம் 9,500 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டார்கள். நானும் விவரம் தெரியாமல் கொடுத்திருந்தேன். விலகுகிறேன் என்றதும், "நடு வருஷத்துல போனா பசங்க கதி என்ன, மூணு மாசச் சம்பளம் கட்டிட்டு வாங்கிக்கோ" என்றார்கள். என் கையில் இருந்ததோ ஒரு வாரம். கடைசியில் நைனாவின் சங்கத்துத் தோழர் ஒருவர் கூட வந்து பேசிய பிறகு, கடைசி மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்கி வந்தேன். அது போன கதை. இப்போது தனியார் பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகள் யாரும் அசலைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

எனக்குக் கிடைத்தது பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியையும் நானும்தான், பிள்ளைகள் 37 பேர். தூரத்து மாவட்டத்துக்குத் தூக்கி அடிக்காமல் இத்தனை பக்கத்தில் கிடைத்ததே என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். காகிதத்தில் பக்கம்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் ஏறி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று நின்று நின்று பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ், பஸ் விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ, ஆட்டோ வராத நாளில் இரண்டு கிலோமீட்டர் நடை. போக இரண்டரை மணி நேரம், வர மூன்று மணி நேரம். சேர்ந்த முதல் நாள் இந்தக் கணக்கு தெரியாமல் பொறுமையாகக் கிளம்பியிருந்தால் மதியம் போய்ச் சேர்ந்திருப்பேன். சேர்க்கை அறிக்கையில் முற்பகல் என்று எழுதுவதற்கும் பிற்பகல் என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பிற்பகல் என்றால் சம்பளக் கணக்கு மறுநாளிலிருந்துதான். முந்தின நாளே ஒரு முறை ஊருக்குப் போய் வழியைப் பார்த்துவிட்டு வந்ததால் தப்பித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், செலவு பார்க்காதீர்கள்.

தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தவள் நான். அந்தப் பழக்கத்தில் ரயிலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பட்டணத்திலிருந்து இந்த ஊருக்கு ஒரு புது வாத்தியார் போயிருந்தால் எப்படிப் போயிருப்பார்? 1856-ல்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியது, அதுவும் மேற்கே. அதே 1856-ல்தான் சென்னையில் அரசாங்கம் ஆசிரியர்களுக்கென்று பயிற்சிப் பள்ளியையும் திறந்தது. வடக்கே போகிறவருக்குப் படகுதான். இன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்தக் கால்வாய். 1806-ல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கி, பிறகு பழவேற்காடு ஏரிக்கும் அதற்கு மேலும் நீட்டி, 1878-ல் பக்கிங்காம் பெயரை வைத்தார்கள். மூட்டையும் முடிச்சுமாக உப்புப் படகில் ஏறி, கரையில் ஆள் கயிறு கட்டி இழுக்க, அவர் போயிருப்பார். போனவர் வாரா வாரம் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டார். நான் தினமும் திரும்பினேன். அதுதான் என் முதல் தப்பு என்று பிறகு புரிந்தது.

இப்போது காகித வேலை. ஆணை கையில் இருந்தாலே ஒன்றாம் தேதி சம்பளம் விழுந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆணை வேறு, சம்பளம் வேறு. நடுவில் பணிப்பதிவேடு தொடங்க வேண்டும். அதில் உயரம், உடம்பில் இரண்டு மச்சம், கைரேகை எல்லாம் ஏறும். அரசு மருத்துவரின் உடல்தகுதிச் சான்று வேண்டும். கருவூலக் கணினியில் உங்களுக்கென்று ஒரு பணியாளர் எண் பிறக்க வேண்டும், ஓய்வூதியத் திட்ட எண்ணும் வேண்டும். இத்தனையும் ஆன பிறகுதான் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும். பட்டியல் மாதக் கடைசிக்கு முன்பே போய்விடும். ஒரு நாள் தவறினாலும் அடுத்த மாதம்தான்.

எனக்குத் தவறியது ஒரு எழுத்தால். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் இனிஷியலே இல்லை, நைனாவின் முழுப் பெயர். மனிதர்களுக்கு இது மூன்றும் நான்தான், கணினிக்கு மூன்று பேர். ஆகஸ்டில் திருப்பி அனுப்பினார்கள். ஆதாரை மாற்றினேன், அதற்குள் செப்டம்பர் பட்டியல் போய்விட்டது. பிறகு பான். பான் வந்தபோது வங்கிக் கணக்கில் பழைய பெயர் இருந்தது. ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்ப்பவர், "இத முன்னாடியே பாத்துக்கினு வரக் கூடாதாம்மா?" என்பார். எந்த முன்னாடி? யார் சொன்னார்கள்? கத்த வேண்டும் போல இருக்கும், சரிங்க சார் என்று வந்துவிடுவேன். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படி மற்ற மூன்றையும் மாற்றுங்கள். எனக்கு இந்த ஒரு வேலை இரண்டு மாதச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டது. சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று அவற்றைக் கொடுத்த இடங்களுக்கு எழுதிக் கேட்கும் வேலையையும் சேர்ந்த மாதமே தலைமையாசிரியரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். பதில் வர மாதக்கணக்காகும், பணிவரன்முறைக்கு, அதாவது நம் நியமனத்தை முறைப்படுத்துவதற்கு, அது வேண்டும்.

காசுக்கு என்ன செய்தேன்? தனியார் பள்ளிச் சம்பளம் நின்றுவிட்டது, நைனாவுக்கு முதுகு போய் இரண்டு வருடம். அம்மா சங்கிலியைக் கழற்றினார்கள், இரண்டு சவரன். தெருமுனைச் சேட்டுக் கடையில் 60,000 ரூபாய், ரெண்டு வட்டி. அவசரத்தில் பேங்க் ஞாபகமே வரவில்லை. பேங்கில் வைத்திருந்தால் வட்டி பாதிகூட ஆகியிருக்காது. "கவர்மெண்ட் வேலைன்ற, கழுத்துல மஞ்சக் கயிறோட சுத்துறாங்க உங்கம்மா" என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அடிப்படைச் சம்பளமே 20,600 ரூபாய் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோம். எல்லாரும் கைமாத்து கேட்டும் வந்தார்கள். அது இன்னொரு கொடுமை. வேலை கிடைத்த செய்தியைச் சொல்லுங்கள், சம்பளத் தொகையைச் சொல்லாதீர்கள்.

அந்த நாட்களில் ரயிலில் மன்றோவைப் பற்றித் திரும்பப் படித்தேன். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். நான்கு வருடம் கழித்து எல்லாம் சேர்ந்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. அதை வைத்து 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் ஒரு வரி உண்டு: வாத்தியார்கள் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது. அந்த ஆறு ஏழு ரூபாயையும் அரசாங்கம் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் வீடுகளில் காசாகவும் நெல்லாகவும் வர வேண்டும். நவராத்திரிக்குப் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடு வீடாகப் பாடிக் கொண்டுவருவதும் வாத்தியார் வருமானம்தான். தாலுகாவுக்கு ஒரு பள்ளி வைத்து மாதம் ஒன்பது ரூபாய் சம்பளம் தரலாம் என்று மன்றோ திட்டம் போட்டார், மறு வருடமே காலராவில் இறந்துபோனார். எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த வாத்தியார் ஊரை நம்பிப் பிழைத்தார், ஊருக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. நானோ நாலு மணிக்கு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பட்டணத்து டீச்சர்.

அதனால் ஊரிலேயே அறை பார்த்தேன். முதல் வீட்டில் வாடகை பேசி முடித்துச் சாவி வாங்கும் நேரத்தில், "நீங்க எந்த ஆளுங்க?" என்று ஒரு கேள்வி. சொன்னேன். மறுநாள் மருமகள் பிரசவத்துக்கு வருகிறாள், இடமில்லை என்றார்கள். இரண்டாவது வீடு கிடைத்தது, 15,000 அட்வான்ஸ், 3,000 வாடகை. ஓடு போட்ட அறை. புரட்டாசி மழைக்கே படுக்கை நனைந்தது. கழிப்பறை எல்லாருக்கும் பொதுவாகக் கொல்லையில். ராத்திரி தனியாகப் போகப் பயந்து மாலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தி, சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். இரண்டே மாதத்தில் காலி செய்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அட்வான்ஸில் 6,000 பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் அறை பார்க்கப் போனால் முதலில் கழிப்பறையையும் தாழ்ப்பாளையும் பாருங்கள், பிறகு வாடகை பேசுங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டதற்கு ஒரு வாரம் ஊசி போட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்த இரண்டு மாதம் வீண் போகவில்லை. அதற்கு முன் வகுப்பறையில் நான் செய்தது வெறும் கூச்சல். தலைமையாசிரியை பாதி நாள் கூட்டம், பதிவேடு, அலுவலகம் என்று போய்விடுவார். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் என் தலையில். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு வகுப்பாகப் பாடம் நடத்தினால் ஒன்று படிக்கும்போது நாலு அடித்துக்கொள்ளும். தொண்டை கட்டி ஒரு வாரம் சைகையில் பாடம் நடத்தினேன். அந்த வாரம்தான் வழி பிறந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தானாகவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஏரி மணலைப் பரப்பி அ, ஆ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த ஏற்பாடு பிறகு இங்கிலாந்துக்குப் போய் மெட்ராஸ் சிஸ்டம் என்று பெயர் வாங்கியது. நம்மூரில் அதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் எப்போதோ இருக்கிறது. அன்றிலிருந்து காலையில் முதல் ஒரு மணி நேரம் மணல், சட்டாம்பிள்ளை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே பிள்ளையைத் தினமும் சட்டாம்பிள்ளை ஆக்கினால் அவள் படிப்பு போய்விடும், கையில் குச்சியும் வந்துவிடும். வாரம் ஒருத்தர் என்று மாற்றுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் நான் செய்தது முட்டாள்தனம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், மீன்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற திமிர். சில நாளில் எட்டுப் பத்துப் பையன்கள் மொத்தமாக வரமாட்டார்கள். வருகைப்பதிவுச் செயலியில் அது தெரியும், மேலிருந்து போன் வரும். கூட்டம் போட்டு, "பசங்க படிப்ப விட உங்களுக்கு எறாதான் முக்கியமா?" என்று கேட்டுவிட்டேன். ஒருத்தரும் பதில் பேசவில்லை. மறுநாள் பதினைந்து பேர் வரவில்லை. அந்த ஊரில் அறை எடுத்துத் தங்கிய பிறகுதான், பள்ளியில் சமையல் செய்கிற அக்கா ஏரியைக் காட்டிச் சொன்னார். கடல் மாதிரி நினைத்த இடத்தில் வலை போட முடியாது, எந்த இடத்தில் எந்த நாளில் யார் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஒரு குடும்பத்துக்குப் பாடு வரும் நாளில் கை கொடுக்கப் பையன் போனால்தான் அந்த வாரம் அடுப்பு எரியும். விடுகதையே இல்லை, முன்கூட்டியே தெரிகிற நாட்கள். நான்தான் கேட்கவில்லை. பாடு யாருக்கு என்றைக்கு என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டேன். அந்த வீட்டுப் பையன்களிடம், "ஒம்போது மணிக்கு வராட்டி பரவால்ல, வலைய வச்சிட்டுப் பதினோரு மணிக்காவது வா" என்றேன். வந்தார்கள், சேறும் இறால் வாடையுமாக. கூட்டத்தில் பேசியதற்கு அந்த அக்காவை வைத்துக்கொண்டே நாலு வீட்டில் மன்னிப்புக் கேட்டேன். ஒரு அண்ணன், "வுடு டீச்சர், நீயும் பட்டணத்துக்காரி தான" என்றார். குத்தலா சமாதானமா தெரியவில்லை. வாழையிலையில் கட்டி நாலு நண்டு கொடுத்தார்.

மேலிருந்து வரும் அந்த போனும் புதிதில்லை. 1860-களில் மாகாணக் கல்வித் துறை, தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார். அன்றைக்குப் பையனுக்குக் காய்ச்சல் என்றால் வாத்தியார் அடுப்பில் பூனை. என் சம்பளம் அப்படி வெட்டுப்படாது என்பதே பெரிய ஆறுதல். வந்தால்தானே வெட்டுவதற்கு என்று அப்போது கசப்பாகச் சிரித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை. அறையைக் காலி செய்து மறுபடி ரயில். ஒரு நாள் தண்டவாளத்தில் தண்ணீர் என்று வழியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. லேடீஸ் கம்பார்ட்மென்டில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காக்களுக்கு நடுவில் திடீரென்று அழுகை வந்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தைப் போனில் எழுதி வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சங்கிலி சேட்டுக் கடையில் இருந்தது.

கார்த்திகையில், டிசம்பர் முதல் வாரம், மத்தியான சாப்பாட்டு நேரத்தில் போனில் மெசேஜ் வந்தது. ஐந்து மாத நிலுவையும் சேர்ந்து. முதலில் அம்மாவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை சங்கிலியை மீட்டோம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போனதை எழுதினேன்: வட்டி 6,000, அறை வாடகையும் பிடித்துக்கொண்ட அட்வான்ஸும் 12,000, ஷேர் ஆட்டோ சுமார் 8,000 (மகளிர் இலவச பஸ் இருந்ததால் இத்தோடு போயிற்று), ஜெராக்ஸ், போட்டோ, பெயர் மாற்றம் 1,900, பள்ளிக்குச் சிலேட்டு, சார்ட்டு 3,400. ஆக 31,300 ரூபாய். தனியார் பள்ளியில் விட்ட ஒரு மாதச் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. சேருகிறவர்கள் குறைந்தது ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள், இல்லையென்றால் எங்கே வாங்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்களைத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு நகல் எடுத்து வையுங்கள். பிறந்த தேதியும் சேர்ந்த தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இப்போது பொன்னேரியில் இன்னொரு டீச்சரோடு சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை மட்டும் கொருக்குப்பேட்டை. போன வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருக்கிறான், வியாசர்பாடிப் பையன். புதுச் சட்டையும் புதுப் பையுமாக பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்று, "மேடம், நீங்களும் நம்ம ஏரியாவாமே, ஃபர்ஸ்ட் சேலரி எப்ப மேடம் வரும்?" என்றான். ஆதாரையும் பானையும் எடு, பார்க்கலாம் என்றேன். இனிஷியல் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. "தம்பி, வீட்ல நகை எவ்ளோ இருக்கு?" என்று கேட்டேன்.